கிண்டியில் பிறந்த வரைபடம்: பேராசிரியர் ஜி.என்.ராமச்சந்திரன்

சென்ற நவராத்திரிக்குப் பேத்தி தில்லிக்கு வந்திருந்தாள். கணினிப் படிப்பு முடித்துவிட்டு, தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மூலக்கூறு உயிரியல் துறைக்கான கணினிப் பிரிவில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறாள். சர்வர்கள் நிற்காமல் ஓட வேண்டும், ஆராய்ச்சி மாணவர்களுக்கு வேண்டிய மென்பொருள்களை நிறுவித் தர வேண்டும், யாராவது தப்பான பொத்தானை அழுத்தி ஆறு மாத உழைப்பை அழித்துவிட்டால் மீட்டுத் தர வேண்டும். ஓடும்வரை யாரும் கவனிப்பதில்லை, நின்றால் எல்லோரும் கூப்பிடுகிறார்கள் என்பது அவள் குறை. நமது வீடுகளில் தண்ணீர் மோட்டார் மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். இதற்கிடையில் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து இரண்டு மடங்குச் சம்பளத்துக்கு அழைப்பு வந்திருந்தது. என்னிடம் அபிப்பிராயம் கேட்டாள். முப்பத்தேழு வருஷம் மத்திய சர்க்கார் உத்தியோகம் பார்த்த பழக்கத்தில், யோசிக்காமல் கம்பெனிக்கே போ என்று சொல்லிவிட்டேன்.

அன்று மாலை அவள் மடிக்கணினியில் ஏதோ வேலையாக இருந்தபோது எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு சதுரம், அதில் இரண்டு மூன்று தீவுகள் போல நிறம் தீட்டிய பகுதிகள், அவற்றின்மேல் கடுகு தாளித்துக் கொட்டியதுபோலப் புள்ளிகள். மாணவர்கள் எந்தப் புரதத்தின் வடிவத்தைக் கொண்டு வந்தாலும் முதலில் இதில் போட்டுப் பார்க்க வேண்டுமாம். புள்ளிகள் தீவுக்கு வெளியே நிறைய விழுந்தால் எங்கோ தப்பு இருக்கிறது என்று அர்த்தம். இதன் பெயர் ராமச்சந்திரன் வரைபடம் என்றாள். அந்த ராமச்சந்திரன் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் இருக்கும் யாராவது இருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

எனக்குத் தெரியும். தூரத்திலிருந்தாவது அவரைப் பார்த்தவன் நான். அன்று ராத்திரி அவளுக்குச் சொன்னதைத்தான், சற்று ஒழுங்குபடுத்தி, நமது இதழின் அன்பர்களுக்கும் எழுதுகிறேன்.

கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8-ஆம் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தார். கோபாலசமுத்திரம் என்பது திருநெல்வேலிச் சீமையில் உள்ள பூர்விக ஊர். தகப்பனார் ஜி.ஆர்.நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர், பிறகு பிரின்சிபால். தாயார் லட்சுமி அம்மாள். வீட்டிலேயே கணித வாத்தியார் இருந்ததால் பிள்ளைக்கு எண்களோடு சிநேகம் சிறு வயதிலேயே ஏற்பட்டுவிட்டது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் பௌதிகம் படித்து, 1942-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாகத் தேறினார்.

அதற்குப் பிறகு நடந்தது நம்மில் பல குடும்பங்களுக்குப் பரிச்சயமான கதை. தகப்பனாருக்குப் பிள்ளை நல்ல சர்க்கார் உத்தியோகத்தில் அமர வேண்டும் என்று ஆசை. ரயில்வே எஞ்சினியரிங் சர்வீஸ் பரீட்சை எழுதத் தில்லிக்கு அனுப்பினார். பிள்ளையாண்டான் வேண்டுமென்றே சரியாக எழுதாமல் திரும்பி வந்துவிட்டார் என்று சொல்வார்கள். 1971-ல் நானும் அதே தில்லிக்குப் பரீட்சை எழுதத்தான் ரயில் ஏறினேன். நான் ஒழுங்காக எழுதித் தேறிவிட்டேன். எம்.எஸ்ஸி. சேர வேண்டும் என்ற ஆசையை அத்துடன் மூட்டை கட்டி வைத்தாயிற்று. எங்கள் அகத்தில் அப்போது நிலைமை அப்படி, யாரையும் குறை சொல்வதற்கில்லை.

ராமச்சந்திரன் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1942-ல் சேர்ந்தது மின்பொறியியல் துறையில். பௌதிகத் துறைத் தலைவராக இருந்தவர் சர் சி.வி.ராமன். இந்தப் பையன் மின்பொறியியலில் வீணாகிவிடக்கூடாது, அந்தத் துறைக்கு இவ்வளவு புத்தி தேவையில்லை என்கிற தோரணையில் ராமன் அவரைத் தம் துறைக்கு இழுத்துக்கொண்டார். மின்பொறியியல் படித்த அன்பர்கள் மன்னிக்கவும், இது ராமனின் தீர்ப்பு, என்னுடையது அல்ல. 1947-ல் டி.எஸ்ஸி. பட்டம். உடனே கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வுக்கூடம். அங்கே வூஸ்டர் என்பவரிடம், படிகங்களிலிருந்து சிதறும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு அவற்றின் மீள்தன்மையை அளக்கும் முறையில் ஆராய்ச்சி செய்து, 1949-ல் இன்னொரு டாக்டர் பட்டத்துடன் பெங்களூர் திரும்பினார். நடுவே, 1945-ல், ராஜலட்சுமி அவர்களுடன் விவாகம் நடந்திருந்தது.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ.லட்சுமணசுவாமி முதலியார் பௌதிகத் துறை ஒன்றைப் பெரிய அளவில் தொடங்க விரும்பி ராமனை அழைத்தார். ராமன் தமக்குப் பதில் தம் சீடரைக் கைகாட்டினார். அப்போது ராமச்சந்திரனுக்கு முப்பது வயதுகூடப் பூர்த்தியாகவில்லை. இந்தக் காலத்தில் அந்த வயதுக்காரருக்கு ஒரு துறையைத் தலைவராக ஒப்படைக்க எந்தத் துணைவேந்தருக்குத் தைரியம் வரும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

கிண்டி வளாகத்தில் எக்ஸ் கதிர் ஆய்வுக்கூடம் எழுந்தது. அங்கே வருகை தந்த ஆங்கிலேய விஞ்ஞானி பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தோல், எலும்பு, நரம்புநார் எல்லாவற்றிலும் உள்ள புரதம் அது. பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது நல்லதாகப் போயிற்று. அங்கிருந்து கங்காருவின் வால் நார் கிடைத்தது. ஆசாரமான குடும்பத்துப் பிள்ளை கங்காரு வாலை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்தார் என்று சொன்னபோது பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். கோபிநாத் கர்த்தா என்ற இளம் சகாவுடன் சேர்ந்து, கொலாஜன் மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய வடிவம் என்று 1954-ல் நேச்சர் இதழில் வெளியிட்டார். அடுத்த வருஷம் அதைத் திருத்தி, மூன்று இழைகளும் சேர்ந்து மறுபடியும் சுருளும் அமைப்பாகக் கொடுத்தார். நம் பெண்டுகள் தலையில் மூன்று கால் பின்னல் போடுவார்களே, ஏறக்குறைய அப்படி.

இங்கேதான் ஒரு சோதனை வந்தது. டி.என்.ஏ. புகழ் கிரிக்கும் அவருடைய நண்பர் ரிச்சும் கேம்பிரிட்ஜிலிருந்து 1955-ல் மறுப்பு எழுதினார்கள். முறுக்கு இழை என்பது சரி, ஆனால் சென்னைக்காரர்களின் மாதிரியில் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருக்குகின்றன, ஹைட்ரஜன் பிணைப்புகளும் மூன்று அலகுகளுக்கு இரண்டு இருக்க முடியாது, ஒன்றுதான் என்பது அவர்கள் வாதம். அப்படிப்பட்ட இடத்திலிருந்து மறுப்பு வந்தால் நம்மில் பெரும்பாலோர் ஒன்று சுருண்டுவிடுவோம், அல்லது கோபித்துக்கொள்வோம். ராமச்சந்திரனுக்குள்ளும் வருத்தம் இருந்திருக்கும். ஆனால் அவர் செய்த காரியம் வேறு. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதை யார் தீர்மானித்தது என்று கேட்டார். அதுவரை வெளியாகியிருந்த படிக அமைப்புகளைத் தேடி எடுத்து, அவற்றில் பிணைப்பில்லாத அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருக்கத்தில் நிற்கின்றன என்று தம் குழுவைக் கொண்டு கணக்கெடுக்கச் செய்தார். கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையே சாதாரணமாக 3.2 ஆங்ஸ்ட்ராம், நெருக்கடியில் 3.0 வரை. ஹைட்ரஜன் இரண்டுக்கும் நடுவே 2.0, நெருக்கடியில் 1.9. இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு எல்லைகள். ரயில் பெட்டியில் ஒரு பெஞ்சில் மூன்று பேர் உட்காரலாம் என்பது சட்டம், தீபாவளிக் கூட்டத்தில் நாலு பேர் உட்காருவது அனுபவம். அது போலத்தான்.

எல்லைகள் கிடைத்ததும் கேள்வி பெரிதாயிற்று. கொலாஜன் மட்டும் என்ன, எந்தப் புரதச் சங்கிலியும் எந்தெந்த வகையில் மடங்கலாம்? லைனஸ் பாலிங் 1951-லேயே காட்டியிருந்தார், சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தட்டையான விறைப்பான தகடு. ரயில் டிக்கெட் அட்டைகளை மூலைக்கு மூலை கோத்துத் தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அட்டை வளையாது, கோத்த இடத்தில் மட்டும் திரும்பும். ஒவ்வொரு கோப்பிலும் இரண்டே திருப்பங்கள். அந்த இரண்டு கோணங்களுக்கும் இன்று ஃபை, சை என்று கிரேக்க எழுத்துப் பெயர்கள். ஒன்றைக் குறுக்கேயும் மற்றதை நெடுக்கேயும் வைத்தால் ஒரு சதுரம். அதில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு மடிப்பு. எந்தப் புள்ளியில் அணுக்கள் இடித்துக்கொள்கின்றனவோ அதை அடித்துவிட்டால் மீதி இருப்பதுதான் இயற்கைக்கு அனுமதி உள்ள இடம்.

சொல்வது சுலபம். செய்தவர்கள் இரண்டு இளைஞர்கள், வி.சசிசேகரனும் சி.ராமகிருஷ்ணனும். பல்கலைக்கழகத்தில் அவர்களுக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. மேஜைமேல் வைக்கும் கணக்கு இயந்திரமும் சைன், காஸ் அட்டவணைப் புத்தகமும்தான். கேம்பிரிட்ஜில் கெண்ட்ரூவுக்கு மயோகுளோபின் கணக்குப் போட எட்சாக் என்ற கம்ப்யூட்டர் இருந்தது. 1962-ல் அவருக்கும் பெரூட்ஸுக்கும் நோபல் பரிசு கிடைத்த அதே சமயத்தில் கிண்டியில் மேஜை இயந்திரத்தில் எண்களைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் பேத்தி குறுக்கிட்டாள். எத்தனை கணக்கு, எவ்வளவு நேரம் என்று கேட்டாள். அவளுடைய இயந்திரம் கண் இமைப்பதற்குள் செய்துவிடுகிறதாம். எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஏனென்றால் தில்லியில் நான் சேர்ந்த புள்ளிவிவரப் பிரிவில் முதல் ஆறு வருஷம் ஃபாசிட் என்ற கைப்பிடி இயந்திரத்தோடுதான் குடித்தனம். பெருக்கலுக்கு முன்னே சுற்ற வேண்டும், கழித்தலுக்குப் பின்னே. வகுத்தலில் ஒரு சுற்று அதிகம் போனால் மணி அடிக்கும், எதிரில் உட்கார்ந்திருக்கும் செக்‌ஷன் ஆபீசர் நிமிர்ந்து பார்ப்பார். ஒரு காகிதத்தை எடுத்து அவளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். கோணத்தைப் பத்துப் பத்துப் பாகையாகத் திருப்பினால் ஒரு திசைக்கு 36 நிலை. இரண்டுக்கும் சேர்த்து 36 தடவை 36, அதாவது 1,296 மடிப்புகள். ஒவ்வொன்றிலும் இருபது அணு ஜோடிகளைப் பார்ப்பதாக வைத்தால் ஏறக்குறைய 26,000 தூரங்கள். ஒவ்வொரு தூரத்துக்கும் மூன்று கழித்தல், மூன்று வர்க்கம், கூட்டல், அதற்குமுன் அணு திரும்பிய இடத்தைக் கண்டுபிடிக்க சைன் காஸ் பெருக்கல்கள். மணிக்கு நாற்பது தூரம் என்றாலும் 650 மணி நேரம். ஆபீஸ் நேரத்தில் மூன்று மாதம், ஒரு தப்பும் நேராமல் இருந்தால்.

ஆனால் கையால் கணக்குப் போடுகிறவன் முரட்டுத்தனமாகப் போடமாட்டான். சில ஜோடிகளின் தூரம் இரண்டு கோணங்களில் ஒன்றை மட்டுமே பொறுத்தது. அவற்றுக்கு 1,296 கணக்கு வேண்டாம், 36 போதும். அங்கே இடித்தால் சதுரத்தில் ஒரு முழுப் பட்டையையே அடித்துவிடலாம். வர்க்கமூலமும் எடுக்க வேண்டாம், எல்லையை வர்க்கமாக்கி வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் போதும். இந்த 26,000 நான் போட்ட உத்தேசக் கணக்கு, அவர்கள் எந்த வழியில் போனார்கள் என்பதன் சரித்திரம் அல்ல. ஆனால் வேலையின் ருசி இதுதான் என்பது மணிக்கட்டு வலித்தவனுக்குப் புரியும்.

முடிவு 1963-ல் ஜர்னல் ஆஃப் மாலிகுலர் பயாலஜி இதழில் ஐந்தே பக்கத்தில் வந்தது. சாதாரண அமினோ அமிலத்துக்கு, எல்லையைத் தளர்த்தினாலும், சதுரத்தில் கால் பங்கு இடம்கூட மிஞ்சவில்லை. கிளைச் சங்கிலி இல்லாத கிளைசினுக்கு மட்டும் தாராளமான இடம். கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் உட்கார்ந்திருப்பது தற்செயல் அல்ல, மற்ற எதுவும் அந்த நெருக்கத்தில் நுழைய முடியாது. கட்டுரையில் மூன்று பெயர்கள் இருக்கின்றன, ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன். உலகம் முதல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டுவிட்டது. எனினும் கணக்குப் போட்டவர்களின் பெயரைத் தலைப்புக்குக் கீழேயே போட்டார், அடிக்குறிப்பில் நன்றி சொல்லி முடித்துவிடவில்லை. இதைச் சொன்னபோது பேத்தி ஒன்றும் பேசவில்லை. அவளுடைய பெயர் இதுவரை எந்தக் கட்டுரையிலும் வந்ததில்லை என்று பிறகுதான் அவள் அம்மா சொன்னாள்.

நான் பார்த்தது 1968-ல். பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷ மாணவர்களான எங்களை எங்கள் பௌதிகப் பேராசிரியர் கிண்டிக்கு அழைத்துப் போனார். கம்பியும் உருண்டையுமாக மாதிரிகள் நின்றன. ஓர் அறையிலிருந்து கணக்கு இயந்திரத்தின் கடகடப்பு. வராந்தாவில் ஒருவர் வேகமாக நடந்து போனார். அவர்தான் ஜி.என்.ஆர். என்று வாத்தியார் காதோடு சொன்னார். அவ்வளவுதான். திரும்பும்போது மின்சார ரயிலில், நானும் இங்கே சேர வேண்டும் என்று நண்பனிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

அதற்குள் காலமும் மாறத் தொடங்கியிருந்தது. 1964-ல் பம்பாய் டாடா ஆராய்ச்சிக் கழகத்துக்கு சி.டி.சி. 3600 என்ற பெரிய கம்ப்யூட்டர் வந்தது. தேசத்தின் பல மூலைகளிலிருந்து துளையிட்ட அட்டைக் கட்டுகள் அங்கே போய் விடைத்தாள்களாகத் திரும்பின. ஓர் அட்டையில் ஒரு காற்புள்ளி தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. பெங்களூர் விஞ்ஞானக் கழகத்துக்கு 1970-ஐ ஒட்டி ஐ.பி.எம். 360 வந்தது. சென்னையை விட்டு ராமச்சந்திரன் பெங்களூருக்குப் போனதும் அப்போதுதான். அங்கே மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவைத் தொடங்கினார். சசிசேகரனும் ராமகிருஷ்ணனும் அங்கே பேராசிரியர்களானார்கள். அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்துடனும் அவருக்குத் தொடர்பு இருந்தது.

1971-ல் ஏ.வி.லட்சுமிநாராயணனுடன் அவர் எழுதிய இன்னொரு கட்டுரையைப் பற்றி நம்மவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொண்ட அன்பர்கள் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. பல திசைகளில் எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து உள்ளே இருப்பதைத் திரும்பக் கட்டுவது எப்படி என்பது பிரச்னை. ஃபூரியர் உருமாற்றம் வழியாகப் போனால் கம்ப்யூட்டருக்கு வெகு நேரம் பிடிக்கும். ஒவ்வொரு நிழலையும் ஒரு குறிப்பிட்ட வடிகட்டியில் போட்டுத் திருத்தி, வந்த வழியே திருப்பிப் பூசிவிட்டால் அதே படம் சீக்கிரத்தில் கிடைக்கும் என்று காட்டினார்கள். வானொலி வானியலில் பிரேஸ்வெல் 1967-லேயே இதையொட்டிய முறையைச் சொல்லியிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்றும் அந்த வடிகட்டிக்கு ராம்-லக் என்றுதான் பெயர். கம்ப்யூட்டர் இல்லாமல் வளர்ந்தவருக்குத்தான் கம்ப்யூட்டர் நேரத்தை மிச்சப்படுத்தும் புத்தி வரும் என்பது என் எண்ணம். 1979-ல் ஸ்கேனுக்காக நோபல் பரிசு கார்மக்குக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் போயிற்று.

ராமச்சந்திரனுக்கு நோபல் கிடைக்கவில்லை என்று நமது கூட்டங்களில் அங்கலாய்ப்பது வழக்கம். எனக்கும் ஆதங்கம் உண்டு. ஆனால் கொலாஜன் விஷயத்தில் யார் சரி என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். 1994-ல் ஹெலன் பெர்மன் குழுவினர் மிகத் துல்லியமான படம் எடுத்தபோது, நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றுதான் என்பது தெரிந்தது. அந்த அளவில் கிரிக் பக்கம். ஆனால் மூன்றிழை முறுக்கை முதலில் சொன்னவர் நம்மவர். நீர் மூலக்கூறு வழியாக இன்னொரு பிணைப்பு உண்டு என்று 1968-லேயே அவர் எழுதியதும் வீண்போகவில்லை. 1961-ல் பட்னாகர் பரிசு, 1977-ல் ராயல் சொசைட்டி, 1999-ல் படிகவியலின் இவால்ட் பரிசு.

கடைசி வருஷங்களில் கணித தர்க்கத்தில் ஈடுபட்டார். சமணர்களின் ஸ்யாத்வாதத்தை, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்கிற அந்த வாதத்தை, எண்களால் எழுதிப் பார்த்தார். அந்தப் பகுதி எனக்குப் பிடிபடவில்லை. 1998-ல் மனைவி காலமானதும் மனிதர் ஒடிந்துபோனார். பார்க்கின்சன் நோயும் வாட்டியது. 2001 ஏப்ரல் 7-ஆம் தேதி சென்னையில் காலமானார். அவருடைய புதல்வர்களில் ஒருவரான ரமேஷ் நாராயண் ஹார்வர்டில் வானியற்பியல் பேராசிரியர்.

புரதங்களின் வடிவங்களைச் சேமிக்கும் உலகக் களஞ்சியம் 1971-ல் ஏழே வடிவங்களுடன் தொடங்கியது. இப்போது இரண்டு லட்சத்துக்கு மேல். அவற்றைப் படித்துக் கற்றுக்கொண்ட ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு, கோடிக்கணக்கான புரதங்களின் வடிவத்தை ஊகித்துச் சொல்கிறது. அதைச் செய்தவர்களுக்கு 2024-ல் ரசாயன நோபல் கிடைத்தது. அந்த ஊகம் சரியா என்று பார்ப்பதற்கும் பேத்தியின் திரையில் முதலில் வருவது கிண்டிச் சதுரம்தான்.

ஊருக்குக் கிளம்பும் முன்தினம், ஃபாசிட் இயந்திரத்தில் 347-ஐ 26-ஆல் எப்படிப் பெருக்குவது என்று காட்டச் சொன்னாள். இயந்திரம் ஏது? மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வெறும் காற்றில் ஆறு சுற்று, ஒரு நகர்த்தல், இரண்டு சுற்று சுற்றிக் காட்டினேன். கம்பெனிக்குப் பதில் சொல்ல இந்த மாதம் 20-ஆம் தேதி கெடு. நான் என் அபிப்பிராயத்தை வாபஸ் வாங்கிக்கொண்டுவிட்டேன். அவள் இன்னும் எதுவும் சொல்லவில்லை.